போன வருஷத்து உயரத்தையும் பாருங்கள்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை மற்றும் பொது சுகாதாரத் துறை அதிகாரிகள், திருப்பூர், ஈரோடு, கோவை, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் டாக்டர்கள், நர்ஸ்கள், எங்கள் தலைமை ஆசிரியர்கள்.

வணக்கம்.

நான் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் போகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினோரு வருஷமாகப் பார்ப்பது குழந்தைகள் உடுப்பு மட்டும்தான். ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்புக்கு வயதைப் பார்த்து அளவு வைப்பதில்லை, உயரத்தைப் பார்த்து வைக்கிறார்கள். 104, 110, 116, 122, 128, 134, 140 என்று லேபிள் வரும். எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு, ஆறு ஆறாக ஏறும். புதிதாகச் சேர்ந்தபோது ஏன் ஆறு என்று சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டேன். "புள்ளைங்க வருசத்துக்கு அவ்வளவு வளருதுங்கல்ல, அதான்" என்றார். 116 என்றால் ஆறு வயது, 122 என்றால் ஏழு, 128 என்றால் எட்டு என்று எங்களுக்கு மனப்பாடம். நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம், ஆனால் ஏறுகிற படி கிட்டத்தட்ட அதேதான்.

என் மகள் 122 லேபிளிலேயே மூன்று வருஷம் நின்றாள். ஏழு வயதில் காதர்பேட்டையில் வாங்கிய சட்டை பத்து வயதிலும் அவளுக்குச் சரியாக இருந்தது. துணி கெட்டியாக உழைக்கிறது என்றுதான் நினைத்தேன். அவள் தலைக்குள், கண் நரம்புக்கு அடியில், ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ச்சி நின்றதற்கு அதுதான் காரணம்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. நடந்ததைச் சொல்லி உங்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

நாலாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு சமயத்தில் தலைவலி ஆரம்பித்தது. விடிகாலையில் எழும்போதே நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். பல் துலக்கும்போது வாந்தி எடுப்பாள். எடுத்ததும் தெளிந்துவிடுவாள், ஒன்பது மணிக்குப் பள்ளிக்கும் போய்விடுவாள். அதனால் பள்ளிக்குப் போக மனமில்லாமல் செய்கிறாள் என்று அவள் அப்பா கூடச் சொன்னார். முதலில் காட்டிய கிளினிக்கில் வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் சைனஸ் என்றார்கள். மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டினோம். அப்புறம் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டோம். கண்ணாடி போட்ட பிறகும் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். "பாத்து நட கண்ணு" என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

தண்ணீர் விஷயத்தை முதலில் கவனித்தது என் அம்மாதான். கோடை விடுமுறைக்கு அங்கே விட்டிருந்தோம். ஒரு வாரத்தில் போன் செய்தார். "ராத்திரி மூணு வாட்டி எந்திரிச்சு ஒண்ணுக்குப் போகுதுடி. எந்திரிக்கறப்பெல்லாம் ஒரு சொம்பு தண்ணி குடிக்குது. வெயிலுக்குக் குடிக்கறாப்புல இல்ல" என்றார். சுகர் டெஸ்ட் எடுத்தோம். நார்மல். சுகர் இல்லை என்றதும் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சுகர் இல்லாமலும் ஒரு பிள்ளை இப்படித் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கக் காரணம் உண்டு, அது தலைக்குள் இருக்கலாம் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் தலைவலியிலிருந்து எம்.ஆர்.ஐ. எடுக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தை முடித்துவைத்தது இரண்டே நிமிஷப் பரிசோதனை ஒன்று. கண்ணாடி சரியில்லை என்று ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தோம். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா, போர்டில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொன்ன பிறகு, மகளுக்கு எதிரே முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்ந்தார். ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "என் மூக்கையே பாரு சாமி" என்றார். பிறகு தன் விரலைக் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்து ஆட்டினார். "விரல் தெரியுதா?" "இல்லீங்க." இன்னும் உள்ளே. "இல்லீங்க." விரல் அவள் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரிகிறது என்றாள். அடுத்த கண்ணிலும் அதேதான். டாக்டரம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் பிள்ளை எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் இருக்கும் திசைக்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், மூக்கின் வேருக்குப் பின்னால், ஒரு எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. உடம்பு வளர்வது, தைராய்டு வேலை செய்வது, பெண் பெரியவளாவது, காய்ச்சலையும் அடிபடுவதையும் உடம்பு தாங்குவது, தண்ணீரைச் சிறுநீரகம் பிடித்துவைப்பது, இத்தனைக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. அதற்கு நேர் மேலே இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. கீழேயிருந்து ஒரு கட்டி அந்தச் சந்திப்பை அழுத்தினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். நடுப்பார்வை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கலாம். அதனால் போர்டைப் படிப்பாள், நிலைப்படியில் இடித்துக்கொள்வாள். நேரே இருப்பது தெரிவதால் பிள்ளைக்கும் தன் பார்வையில் குறை என்று சொல்லத் தெரியாது. கட்டி பெரிதாகி மூளை நீர் போகும் வழியை அடைத்தால் தலைக்குள் அழுத்தம் கூடும். படுத்திருக்கும்போது அது இன்னும் ஏறும். விடிகாலைத் தலைவலியும் வாந்தியும் அதனால்தான்.

அவளுக்கு வந்ததன் பெயர் கிரேனியோஃபாரிஞ்சியோமா. வாயில் நுழையாத பெயர், எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. புற்றுநோய் வகை இல்லை. கருவில் பிட்யூட்டரி உருவாகும்போது வாயின் மேல் அண்ணப் பகுதியிலிருந்து செல்கள் மேலே போகின்றன. அதில் மிச்சம் தங்கிவிட்டவை பின்னாளில் இப்படிக் கட்டியாக வளரலாம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு வயதுக்குள் தெரியவரும், பெரியவர்களுக்கும் ஐம்பதுக்கு மேல் வரலாம். உள்ளே நீர்ப்பை இருக்கும், சுண்ணாம்பு படிந்திருக்கும். எடுத்த நீர் பழைய எஞ்சின் ஆயில் மாதிரி இருந்தது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவர் ஒரு வாரம் வேன் பானெட்டைத் திறக்கவில்லை.

இதே நிலையில் இருக்கும் தாய்மார்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்தது, செல்போன் பார்த்ததால் வந்தது, மாசமாக இருக்கும்போது ஷிப்ட் வேலைக்குப் போனதால் வந்தது என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். உங்கள் மேல் தப்பில்லை. அது நீங்கள் செய்த எதனாலும் வந்ததல்ல.

ஸ்கேன் பார்த்ததும் உடனே கத்தி வைக்கவில்லை. அந்த இடத்தில் வருகிற எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் மாத்திரையிலேயே சுருங்கக்கூடும். ஜெர்மினோமா என்றால் வைத்தியமே வேறு. அதனால் முதலில் ரத்தம் எடுத்து எல்லா ஹார்மோனும் பார்த்தார்கள். காய்ச்சலையும் அடிபடுவதையும் உடம்பு தாங்க உதவுகிற கார்டிசால் என்ற ஹார்மோன், காலை எட்டு மணிக்குப் பார்த்தபோது மிகக் குறைவாக இருந்தது. தைராய்டும் குறைவு. அப்போது முதலில் கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, அதற்குப் பிறகுதான் தைராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். முறை மாறினால் உடம்பு தாங்காமல் ஆபத்தாகலாம் என்றார் ஹார்மோன் டாக்டர். இதை நான் இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. தைராய்டு குறைவு என்று மட்டும் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பும் இடங்கள் உண்டு. வளராத, தலைவலிக்கிற பிள்ளைக்கு அது போதாது.

மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். பசி, தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் ஆளும் ஹைப்போதலாமஸை ஒட்டியிருந்த ஒரு துணுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அதையும் சுரண்டி எடுத்தால் பசி அடங்காமல் உடம்பு ஊதிவிடும் அபாயம் அதிகம் என்று எங்களை உட்காரவைத்து விளக்கினார்கள். அது திரும்ப வளர்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ந்தால் கதிர்வீச்சு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை இருக்கிறதே, அது இல்லையென்றால் இந்த ஆபரேஷன் எங்களுக்கு நடந்திருக்காது. அதற்கு அரசுக்கு மனமார நன்றி சொல்லிக்கொள்கிறேன். வலது கண் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது கண்ணின் வெளிப்பக்கம் திரும்பவில்லை. நரம்பு நெடுநாள் நசுங்கியிருந்தால் மீள்வது குறைவு என்றார்கள்.

நெடுநாள் என்றால் எத்தனை நாள்? அதற்கான விடை பள்ளியில் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து, நீண்ட விடுப்புக்குக் கடிதம் கொடுக்கத் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். மருத்துவமனையில் பழைய உயரம், எடை விவரம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு வகுப்புப் பதிவேடாக எடுத்து வைத்தார். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டாம் வகுப்பில் 117. மூன்றில் 120.5. நாலில் 122.5. ஐந்தில் 123.5. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷமாக அளவு பார்க்கிற கண் எனக்கு. மூன்றரை, இரண்டு, ஒன்று. மூன்று வருஷத்தில் மொத்தம் 6.5 சென்டிமீட்டர். ஒரே வருஷத்தில் வளர வேண்டியதை மூன்று வருஷத்தில் வளர்ந்திருக்கிறாள். தலைமை ஆசிரியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "நாங்கதாம்மா எழுதியிருக்கோம்" என்று மட்டும் சொன்னார்.

அவர் நல்ல மனிதர். அளந்தவர்கள் தப்பாக அளக்கவும் இல்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த நாலு அளவும் வயதுக்குரிய கோடுகளுக்குள்தான் வரும். பத்து வயதில் அவள் குட்டைப் பிள்ளை, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் நானும் குட்டை. ஆனால் நாலு எண்ணையும் ஒரே வரிசையில் எழுதினால் படிக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும், இந்தப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது என்று. மூன்றாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்போது தலைவலியே கிடையாது.

2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டம் பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரைக்கும் உண்டு. அதில் பரிசோதிக்க நடமாடும் குழு வருகிறது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. அளவு டேப் இருக்கிறது, எடை மெஷின் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், எழுதுகிற கை இருக்கிறது. இத்தனையும் இருந்தும் போன வருஷத்து எண் மட்டும் அன்றைக்கு மேசையில் இருப்பதில்லை. அது போன வருஷத்துப் பதிவேட்டில், பீரோவில் இருக்கிறது. நான் முதலில் கேட்பது இதைத்தான். இந்த வருஷ உயரத்தை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே போன வருஷ உயரத்துக்கு ஒரு கட்டம், அதற்கும் பக்கத்தில் கழித்து எழுத இன்னொரு கட்டம். கம்ப்யூட்டரில் ஏற்றுவதாக இருந்தால் அதுவே கழித்துக் காட்டட்டும். நாலு வயதிலிருந்து பருவமடையும் வரை பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். நாலுக்குக் கீழே வந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் இன்னும் நல்லது. எங்கள் கம்பெனியில் ஒரு சட்டை அளவு ஒரு சென்டிமீட்டர் தவறினால் அந்தப் பண்டலையே நிறுத்திவைத்து மறுபடி அளக்கிறோம்.

இன்னொன்று, ஒரே முறையில் அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரைத் தொட, ஜடையை ஒதுக்கி. பெண் பிள்ளைகள் உச்சியில் பூ வைத்திருந்தால் இரண்டு சென்டிமீட்டர் கூடிவிடும். அந்த இரண்டுதான் என் மகள் ஒரு வருஷம் முழுக்க வளர்ந்த அளவு.

இந்த நோய் பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது, இதற்காக எல்லாப் பள்ளியிலும் மெனக்கெட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கழித்தல் கணக்கு கண்டுபிடிப்பது என் மகளுக்கு வந்ததை மட்டும் அல்ல. தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், பெண் பிள்ளைகளுக்கு வரும் டர்னர் குறைபாடு, சரியான சாப்பாடு இல்லாமை, எல்லாமே உயரத்தில் கை வைக்கும். இவற்றில் பல மாத்திரையாலும் சாப்பாட்டாலும் சரியாகக் கூடியவை. வட்டம் போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு டாக்டர் உட்காரவைத்து இன்னும் நாலு கேள்வி கேட்டால் போதும்.

அந்தக் கேள்விகளும் எனக்கு இப்போது தெரியும். ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கிறானா? தூங்கி எழும்போது தலைவலி, வாந்தி உண்டா? நடக்கும்போது இடித்துக்கொள்கிறாளா? சைக்கிள் ஓட்டப் பயப்படுகிறாளா? பெண் பிள்ளை 13 வயதிலும், பையன் 14 வயதிலும் பருவத்துக்கான எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கிறார்களா? இவற்றைத் தாயிடம் கேட்க வேண்டும். மருத்துவக் குழு வருகிற நாளில் நாங்கள் தறியிலோ கம்பெனியிலோ தோட்டத்திலோ இருப்போம். எனவே முந்தின நாளே ஒரு தாளில் அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். ராத்திரி பார்த்து ஆம், இல்லை போட்டுத் தருகிறோம். இங்கிலாந்தில் 2011ல் ஹெட்ஸ்மார்ட் என்று ஓர் இயக்கம் தொடங்கி, பிள்ளைகளின் மூளைக் கட்டிக்கான அடையாளங்களை வயது வாரியாகப் பிரித்துச் சின்ன அட்டையில் அச்சிட்டு மக்களிடம் சேர்த்தார்கள் என்று ஹார்மோன் டாக்டர் சொன்னார். நம் பேச்சுத் தமிழில், அம்மாயிகளுக்கும் அப்பாருகளுக்கும் புரிகிற மாதிரி அப்படி ஓர் அட்டை நமக்கும் வேண்டும். என் அம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை. தண்ணீரைக் கவனித்தது அவர்தான்.

கண் பரிசோதனையும் இதில் சேர்த்தி. எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டும் காட்டும். கண்ணாடிக்காகப் பள்ளியில் பரிசோதிக்கும்போது, எழுத்துகள் முடிந்ததும் அந்த டாக்டரம்மா செய்ததை ஒவ்வொரு கண்ணுக்கும் செய்யச் சொல்லிக் கொடுங்கள். கருவி வேண்டாம், விரல் போதும். ஆசிரியர்களே கற்றுக்கொள்ளலாம்.

சரி, கண்டுபிடித்து, ஆபரேஷனும் முடிந்து, பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வருகிறாள். அதற்குப் பிறகு நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தலைமை ஆசிரியர்களுக்கு இதை முக்கியமாக எழுதுகிறேன்.

என் மகளின் உடம்பு இப்போது தானாகச் செய்ய வேண்டியதை மாத்திரை செய்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு. ஹைட்ரோகார்டிசோன் மூன்று வேளை, மதியத்துக்கானது பள்ளியில். தண்ணீரைப் பிடித்துவைக்க டெஸ்மோபிரசின் இரண்டு வேளை. அந்த மாத்திரையின் வேகம் தீர்கிற நேரத்தில் அவளுக்குத் தாகம் எடுக்கும், உடனே பாத்ரூம் போக வேண்டும். பெல் அடிக்கும் வரை காத்திரு என்று சொல்லக் கூடாது. சொன்னார்கள். புதிதாக வந்த ஆசிரியை, தெரியாமல் சொன்னார். அவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பாவாடையை நனைத்துவிட்டாள். இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். அந்த ஆசிரியை விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கே வந்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக் கூட்டிப்போனார். ஆசிரியை மாறும்போது இந்தத் தகவலும் கூடவே கைமாற ஒரு முறை இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் நடந்திருக்காது.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அது மற்றப் பிள்ளைகளின் காய்ச்சல் மாதிரி இல்லை. நமக்கெல்லாம் காய்ச்சலிலும் அடிபட்டாலும் உடம்பு தானே கார்டிசாலைக் கூட்டிச் சுரக்கும். அவளுக்குச் சுரக்காது. நாங்கள் மாத்திரையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால், அல்லது துவண்டு மயங்கினால், ஊசிதான். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அவள் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். ஹைட்ரோகார்டிசோன் 50 மில்லிகிராம் ஊசி என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வாமைக்கும் மூச்சு இழுப்புக்கும் போடுகிற அதே ஊசி மருந்துதான். அட்டையைக் காட்டினால் கேள்வி கேட்காமல் முதலில் ஊசியைப் போட வேண்டும், மற்றதை அப்புறம் விசாரிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். காங்கேயம் மார்க்கெட் நாளில், வேன் கிடைக்காமல், துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றபோது, ஊசி வாங்குவதற்குள் நான் விளக்க வேண்டியிருந்தது. எனக்கு விளக்கத் தெரிந்தது. அவள் அப்புச்சிக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு எடையும் ஏறியிருக்கிறது. இந்தக் கட்டி வந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஹைப்போதலாமஸ் பாதிப்பால் எடை கூடும். மதியம் இரண்டாம் தடவை சோறு கேட்டால் அது பேராசை இல்லை, வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. வகுப்பில் பிள்ளைகள் வைக்கிற பட்டப் பெயரை ஆசிரியர்கள் கேட்டும் கேட்காததுபோல் இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருந்து பற்றி அதிகாரிகளுக்கு ஒன்று. காப்பீட்டில் ஆபரேஷன் முடிகிறது. மாத்திரை ஆயுசுக்கும். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை விலை பெரிதில்லை, கிடைப்பதுதான் கஷ்டம். காங்கேயத்தில் மூன்று மெடிக்கலில் கேட்டு, வெள்ளகோவிலில் கேட்டு, கடைசியில் கோவைக்கு ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறோம். ஒரு வேளை விட்டால் அன்றைக்கே உடம்பு சொல்லிவிடும். இந்த மாத்திரையும் டெஸ்மோபிரசினும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலாவது எப்போதும் இருக்கும்படி செய்ய முடியாதா? மாவட்டத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான் இருப்பார்கள், பெரிய செலவு ஆகாது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைக் கட்டி அடங்கியிருக்கிறது என்று ஒரு வருஷமாவது பார்த்த பிறகே தொடங்குவார்கள். அடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தால் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். தினமும் ராத்திரி ஒரு ஊசி, பல வருஷம். அதன் விலையை எங்கள் இரண்டு சம்பளத்தோடு வைத்துப் பார்த்தேன், எட்டவில்லை. இதற்கும் காப்பீட்டில் இடம் தரும்படி கேட்கிறேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மறுபடி பிள்ளைகளை அளப்பீர்கள். அதற்கு முன்னால் பீரோவிலிருந்து போன வருஷப் பதிவேட்டை எடுத்து மேசையில் வையுங்கள். புதிய கட்டம் அச்சடித்து வரும் வரை பென்சிலில் கழித்து எழுதினாலும் போதும்.

மகளின் நாலு வருஷ உயரம் எழுதிய அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. பள்ளிக் கூட்டத்திலோ மருத்துவக் குழுவின் பயிற்சியிலோ காட்டிப் பேசச் சொன்னால் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி. வேறு நாள் என்றாலும் ஒரு ஷிப்ட் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
காங்கேயம் வட்டம்.